காப்பர் டி போட்டுவிட்டு ‘ஒன்றும் ஆகாது’ என்று அனுப்பிவைத்தார்கள்

இரண்டாவது மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது, திண்டுக்கல்லில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில், கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். அடுத்துப் போகிற பெண் என்னைப் போல வாய்மூடி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டாக்டரம்மா என்னோடு பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். “மாத்திரை என்றால் மறந்துபோகும். இது போட்டுக்கொண்டால் கவலையே இல்லை, ஒன்றும் ஆகாது” என்றார். சிஸ்டர் நாலைந்து தாள்களை நீட்டி விரலால் இடம் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். போடும்போது அடிவயிறு சுள்ளென்று இழுத்தது. கால் மணி நேரத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்தது 4,500 ரூபாய்க்கு ஒரு ரசீது மட்டும். எந்த வகை, எத்தனை ஆண்டுக்கு, மறுபடி எப்போது வர வேண்டும், ஒன்றும் அதில் இல்லை. மிக்சி வாங்கினால்கூட தேதி போட்டு முத்திரை குத்தி அட்டை தருகிறார்கள்.

முதல் மாதவிடாய் பதினொரு நாள் நின்றபாடில்லை. போன் செய்தேன். “அப்படித்தான் இருக்கும் அம்மா” என்று வரவேற்பில் இருந்த பெண்ணே சொல்லி வைத்துவிட்டார். அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. காப்பர் டி போட்டால் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை உதிரப்போக்கு கூடுதலாக இருக்கும், நாட்களும் நீளும், வலியும் இருக்கும். பெரும்பாலோருக்குப் பிறகு தணிந்துவிடும். ஆனால் எது வழக்கமானது, எதற்கு ஓடிவர வேண்டும் என்ற கோட்டை யாராவது கிழித்துக் காட்ட வேண்டாமா?

இரண்டாவது மாதம் கட்டி கட்டியாகப் போனது. பள்ளி அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழவே பயந்து உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் நேரிலேயே போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், 900 ரூபாய். டாக்டரம்மா தாளை ஒரு பார்வை பார்த்து, “இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது” என்று ரத்தம் நிற்க மாத்திரை எழுதினார். உறைக்குள் போட்ட அறிக்கை வீட்டு பீரோவுக்குள் போனது.

என் மாமியார் வேறு, “லூப் நெஞ்சுக்கு ஏறிவிடும், எடுத்துப்போட்டுவிடு” என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கெல்லாம் ஏறாது. ஆனால் அத்தையின் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1965-இல் அரசு, காப்பர் டி-க்கு முன்பிருந்த கருத்தடைச் சாதனமான லூப்பைத் திட்டமாகக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கான பெண்களுக்குப் போட்டார்கள். ரத்தப்போக்கு பற்றியும், தானாக வெளியே வந்துவிடுவது பற்றியும் சரியாகச் சொல்லவில்லை, பிறகு கூப்பிட்டுப் பார்க்கவுமில்லை. லூப்புக்குக் கெட்ட பெயர் வந்தது அப்படித்தான். அறுபது ஆண்டு கழித்து எனக்கும் அதே கவனிப்புதான், கூடவே ரசீதும்.

மூன்றாவது மாதம் ஆறு நாள் தள்ளிப்போனது. அந்த ஆறு நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்த்ததில் கர்ப்பம் இல்லை. அதன் பிறகுதான் பீரோவைத் திறந்து அந்த அறிக்கையை எடுத்து, அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். சாதனம் கருப்பைக்குள் இல்லை, கருப்பைவாய்க் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்படி இறங்கிவிட்டால் அதை நம்ப முடியாது, எடுத்துவிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ‘நன்றாக இருக்கிறது’ என்றார்கள்.

மறுபடி போனேன். மறுபடி ஸ்கேன், மறுபடி 900. “காணோம், விழுந்திருக்கும். புதிதாக ஒன்று போட்டுவிடலாம்” என்றார்கள். கட்டணம்? அதே 4,500. பாதி விலை என்று பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் நேராக அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவுக்குப் போனேன். ஸ்கேனில் தெரியவில்லை என்பதை வைத்து விழுந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது என்று அங்கே இருந்த டாக்டர் வயிற்றுக்கு எக்ஸ்ரே எழுதினார். மிக அரிதாக, ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில், அது கருப்பைச் சுவரைத் துளைத்து வெளியே போய்விடுவது உண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். நான் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், தனியாரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டிகளோடு எனக்குத் தெரியாமலே விழுந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்து மாத்திரையோடு இரண்டு மாதம் ஓடியது.

பிறகு ஒரு சிஸ்டர் மேசை மேல் ஒரு காப்பர் டி-யை வைத்துக் காட்டினார். சின்ன பிளாஸ்டிக் ‘டி’, அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது, கீழே இரண்டு நூல். 380ஏ என்றால் பத்து ஆண்டு, 375 என்றால் ஐந்து ஆண்டு. அரசு மருத்துவமனைகளில் இரண்டுமே இலவசம். ஹார்மோன் கிடையாது, செம்புதான் விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது, அதனால் தாய்ப்பாலுக்குப் பாதகம் இல்லை. தானாக வெளியே வருவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில், அதுவும் மாதவிடாய் நாட்களில். அதனால் ஒவ்வொரு மாதவிடாய் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், இழுக்கக் கூடாது. நூல் காணாமல் போனால், நீண்டதுபோல் இருந்தால், கெட்டியாகப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டால், உடனே வர வேண்டும், அதுவரை ஆணுறை. நாள் தள்ளிப்போனாலும், காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலும், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் அப்படியே. எல்லாம் சரியாக இருந்தாலும் ஆறாவது வாரம் ஒருமுறை வந்து காட்டியாக வேண்டும்.

“ஒருமுறை விழுந்தவர்களுக்கு மறுபடி விழும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், யோசித்துச் சொல்லுங்கள்” என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் போட்டுக்கொண்டேன். எட்டு மாதம் ஆகிறது, நூல் இருந்த இடத்தில் இருக்கிறது. அட்டையில் வகை, போட்ட தேதி, எடுக்க வேண்டிய ஆண்டு மூன்றும் எழுதியிருக்கிறது. அந்த அட்டை இல்லாமல் நீங்கள் எந்த மருத்துவமனையை விட்டும் எழுந்து வராதீர்கள். ஸ்கேன் எடுத்தால் அறிக்கையை அங்கேயே பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

புகாருக்குத் தனியாரிடமிருந்து என் மருத்துவ ஆவணங்களைக் கேட்டேன். முதலில் ‘கொடுக்கும் வழக்கம் இல்லை’ என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்வதை எழுதி நீட்டியதும், மறுநாளே நகல் வந்தது. காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது என்பதால், நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நகலின் மூன்றாவது பக்கத்தில், ‘பின்விளைவுகள் குறித்து ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று அச்சடித்த வரிக்கு நேராக ஒரு டிக் இருக்கிறது. அதன் கீழே இருப்பது என் கையெழுத்துதான்.