மாடிப்படி லைட்டுக்கு இரண்டு சுவிட்ச்: பன்னிரண்டு வருடம் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டது

2012இல் மதுரையில் வீடு கட்டியபோது வயரிங் விஷயத்தில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாடிப்படி லைட்டைக் கீழேயும் போட முடிய வேண்டும், மேலேயும் போட முடிய வேண்டும். அதற்கு முன் இருந்த வாடகை வீட்டில் சுவிட்ச் கீழே மட்டும்தான். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க இருட்டிய பிறகு அம்மா மேலே போவார், அதற்குள் கீழே யாராவது சும்மா எரிகிறதே என்று அணைத்துவிடுவார்கள், கை நிறையத் துணியோடு சுவரைத் தடவிக்கொண்டு இறங்கியதில் ஒரு தடவை கால் பிசகி பத்து நாள் படுத்திருந்தார். அதனால் புது வீட்டில் இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

இப்படி ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் டூ-வே சுவிட்ச் ஏற்பாடு பன்னிரண்டு வருடமாகத் தினமும் ஓடுகிறது. வாங்கலாமா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்பேன். ஆனால் சுவிட்சை விட அதற்குள் போகும் வயர்தான் முக்கியம், அதில்தான் எங்களுக்கு அடி விழுந்தது, அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று. சாதாரண சுவிட்சில் இரண்டு முனை, டூ-வேயில் மூன்று. ஒன்று காமன், பெரும்பாலும் நடுவில் இருக்கும். மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு அந்தக் காமன் எப்போதும் சேர்ந்தே இருக்கும், தட்டினால் அடுத்ததற்கு மாறும். கீழ் சுவிட்சின் காமனில் பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், வரும். அதன் ஓர முனைகள் இரண்டிலிருந்தும் இரண்டு வயர் மேல் சுவிட்சின் ஓர முனைகளுக்குப் போகும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து பல்புக்கு ஒரு வயர். பல்பின் இன்னொரு பக்கம் நேராக நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். இரண்டு சுவிட்சும் ஒரே வயரைப் பிடித்திருந்தால் எரியும், ஆளுக்கொரு வயரைப் பிடித்திருந்தால் அணையும். அவ்வளவுதான் வேலை. சுவிட்சின் விலை சாதாரண 6 ஆம்பியர் சுவிட்சை விடக் கொஞ்சம்தான் கூட, செலவெல்லாம் அந்த அதிகப்படி வயருக்கும் பைப்புக்கும்தான்.

அதனால்தான் வயரை மிச்சம் பிடிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2018இல் மேலே ஏ.சி. போட்டபோது த்ரீ-பேஸ் இணைப்பு வாங்கி, கீழ்த்தளத்துக்கு ஒரு பேஸ், மேல்தளத்துக்கு வேறு பேஸ் என்று பிரித்தோம். மாடிப்படி லைட் வழக்கம்போல எரிந்தது. 2021 மழையில் பின்பக்கச் சுவர் ஊறி, சுவிட்ச் போர்டைத் தொட்டால் சுரீர் என்றது, உடனே இரண்டு தளத்துக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், போட்டோம். அன்றைக்கு ராத்திரி அம்மா மாடிப்படி லைட்டைப் போட்டார், ஆர்.சி.சி.பி. விழுந்து கீழ் வீடு முழுக்க இருட்டானது. நிமிர்த்திவிட்டு மறுபடி போட்டோம், மறுபடி இருட்டு. ஆர்.சி.சி.பி.யே பழுது என்று நினைத்து அதை மாற்றினோம். புதியதும் விழுந்தது.

காரணம் இதுதான். வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் பேஸைக் கீழ்த்தளத்திலிருந்து எடுத்திருக்கிறார். பல்பு மேலே இருப்பதால், நியூட்ரலைக் கீழிருந்து இழுக்காமல் மேல்தளத்துப் போர்டிலேயே தொட்டுக் கொடுத்துவிட்டார். எட்டு மீட்டர் வயர் மிச்சம். ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்று, தன் வழியாகப் போன கரண்ட் தன் வழியாகவே திரும்பி வருகிறதா என்பது. எங்கள் 9 வாட் எல்.இ.டி. பல்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, அது கீழ்த்தளம் வழியாகப் போய் மேல்தளம் வழியாகத் திரும்புகிறது. கீழ் ஆர்.சி.சி.பி.யின் கணக்கில் 40 மில்லி ஆம்பியர் எங்கோ கசிகிறது. 30க்கே விழ வேண்டியது அது, விழத்தானே செய்யும். அது பழுதாகவே இல்லை, ஒன்பது வருடமாக ஒளிந்திருந்த தப்பை ஒரே ராத்திரியில் காட்டிக்கொடுத்தது.

விழுவது தொல்லை மட்டும்தான். உண்மையான ஆபத்து வேறு. மேல்தள எம்.சி.பி.யை (பியூஸுக்குப் பதிலாக இருக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு யாராவது மேலே வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். நியூட்ரல்தானே என்று கறுப்பு வயரைப் பிரிக்கிறார். அந்த நேரம் கீழே ஒருவர் மாடிப்படி லைட்டைப் போட்டால், கீழ்த்தளத்துப் பேஸ் பல்பு வழியாக வந்து அந்தக் கறுப்பு வயரில் நிற்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைத்திருப்பவர் கதி என்ன? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது, 2018இல் ஏ.சி. போட வந்த பையன் அந்த போர்டில்தான் வேலை பார்த்தான்.

நியூட்ரலையும் கீழ்த்தளத்திலிருந்தே இழுத்துச் சரி செய்ய அரை நாள் ஆனது. பழைய வயர் ஒன்றின் நுனியில் இரண்டு புது வயரைக் கட்டி, கீழிருந்து ஒருவர் தள்ள மேலிருந்து ஒருவர் இழுக்க, ஒரு வளைவில் சிமென்ட் பால் இறங்கி இறுகியிருந்ததால் வயர் சிக்கி மூன்று மணி நேரம் போராடினார்கள். கட்டும்போதே பைப்பில் இன்னொரு வயரைச் சேர்த்து விட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தோம். இரண்டு சுவிட்சுக்கும் இடையே ஓடும் வயர்களில் ஒன்று கறுப்பு. கையில் இருந்த மிச்ச வயரைப் போட்டிருக்கிறார். அந்த இரண்டு வயரில் ஏதாவது ஒன்றில் எப்போதும் பேஸ் இருக்கும், லைட் அணைந்திருந்தாலும். அதற்கு நியூட்ரலுக்கான கறுப்போ எர்த்துக்கான பச்சையோ போடவே கூடாது. இப்போது இரண்டும் மஞ்சள், நீலம்.

சித்தப்பா வீட்டில் இதைவிட மோசம். அங்கே இரண்டு சுவிட்சுக்குமே அந்தந்த இடத்திலிருந்து பேஸும் நியூட்ரலும் கொடுத்து, இரண்டு காமனையும் பல்பின் இரண்டு பக்கத்துக்கு விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பேஸ், ஒரு பக்கம் நியூட்ரல் வந்தால் எரியும். இரண்டு பக்கமும் பேஸ் வந்தாலும் பல்பு அணைந்துதான் இருக்கும், ஆனால் ஹோல்டர் முழுக்கக் கரண்ட். லைட் அணைந்திருக்கிறதே என்று பல்பு மாற்றப் போன சித்தப்பா ஸ்டூலிலிருந்து விழுந்தார், நல்லவேளை தோளோடு போனது. இந்த மாதிரி வயரிங் உள்ள வீட்டில் பிறகு த்ரீ-பேஸ் வாங்கி மேலுக்கும் கீழுக்கும் வேறு வேறு பேஸ் கொடுத்தால், இரண்டு பக்கமும் பேஸ் வரும்போது பல்பின் இரண்டு முனைக்கும் இடையே 400 வோல்ட் நிற்கும். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எரிச்சல் தந்த ஒரு விஷயம், ஆபத்தில்லாதது. முதலில் 60 வாட் குண்டு பல்பு இருந்தவரை எந்தத் தொல்லையும் இல்லை. சி.எஃப்.எல். மாட்டியதும் அணைத்த பிறகும் விட்டுவிட்டு மினுக்கியது. 2017இல் எல்.இ.டி. மாட்டினோம், அணைத்தால் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. அப்பா சுவிட்ச் போய்விட்டது என்று இரண்டு தடவை சுவிட்சை மாற்றினார். சுவிட்சில் ஒன்றுமில்லை. கரண்ட் உள்ள வயரும் இல்லாத வயரும் ஒரே பைப்பில் ஒட்டிக்கொண்டு எட்டு மீட்டர் ஓடும்போது, தொடாமலே ஒரு துளி கரண்ட் இதிலிருந்து அதற்குத் தாவும். குண்டு பல்புக்கு அது பொருட்டே இல்லை, எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். டெஸ்டர் வைத்தாலும் லேசாக எரிந்து நம்மைக் குழப்பும். ஹோல்டரில் பல்புக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் எக்ஸ்2 வகைக் கண்டென்சர் ஒன்றைப் போட்டதும் நின்றுவிட்டது. சில பல்புகளில் இந்தப் பிரச்சினை வருவதே இல்லை, அதனால் முதலில் வேறு பல்பை மாட்டிப் பாருங்கள்.

மேலே மொட்டை மாடிக் கதவை ஒட்டிய சுவிட்சுக்குச் சாரலும் எறும்பும் எதிரி. அதை மட்டும் மூன்று தடவை மாற்றியாயிற்று, கீழே இருப்பது இரண்டாவது. ஒரு தடவை மாற்ற வந்தவர் காமன் வயரை ஓர முனையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். விளைவு, கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால்தான் மேல் சுவிட்ச் வேலை செய்தது, மறுபக்கம் இருந்தால் மேலே எத்தனை தட்டினாலும் இருட்டு. உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய சுவிட்சைக் கழற்றும் முன் காமன் வயரில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள். புதியதில் எது காமன் என்று சந்தேகம் இருந்தால், மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள், எல்லாக் கம்பெனியிலும் நடுவில்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அப்புறம், டூ-வேயில் சுவிட்ச் இருக்கும் நிலையை வைத்து ஆன், ஆஃப் சொல்லவே முடியாது. பல்பு மாற்றுவதானால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத்தான்.

நடுவில் தம்பி சென்சார் லைட் ஒன்று வாங்கி வந்து மாட்டினான். அவன் ஏறி இறங்க நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார், அசையாமல் நின்றால் அது அணைந்துவிடும். படி நடுவில் இருட்டு, எதற்காக இதெல்லாம் செய்தோமோ அதுவே மறுபடி. ஒரே வாரத்தில் கழற்றினோம்.

படுக்கையறையில் கதவுப் பக்கம் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று என்று போட்டது அருமை, படுத்த பிறகு எழ வேண்டியதே இல்லை. ஹாலின் இரண்டு மூலைக்கும் போட்டது வீண், அந்த இரண்டாவது சுவிட்சை யாரும் தொடுவதில்லை. ஒரு குறை மட்டும் மனதில் இருக்கிறது, மாடிப்படி லைட்டை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்காமல் விட்டது. கரண்ட் போன ராத்திரியில்தான் படியில் வெளிச்சம் அதிகம் தேவை. அடுத்த தடவை எலக்ட்ரீஷியன் வரும்போது அதையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டு போர்டின் மூடிக்குள்ளும் ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்: சிவப்பு காமன், மஞ்சளும் நீலமும் இரண்டு சுவிட்சுக்கும் இடையே, நியூட்ரல் கீழ்த்தளம், எம்.சி.பி. எண் 3.