'பை' எங்கே, 'டில்' எங்கே?

'அஞ்சு மணிக்குள்ள' என்றால் 'பை ஃபைவ்'. 'அஞ்சு மணி வரைக்கும்' என்றால் 'டில் ஃபைவ்'. திருநெல்வேலிப் பேச்சில் யாரும் இதை மாற்றிச் சொல்வதில்லை, ஆங்கிலத்தில்தான் சறுக்குகிறது.

முதலில் வினையைப் பாருங்கள். ஃபினிஷ், சப்மிட், ரீச் எல்லாம் ஒரு கணத்தில் முடிகிறவை, 'பை' கேட்கும். ஸ்டே, வெயிட் நீள்கிறவை; 'டில்' கேட்கும். 'ஐ வில் ஸ்டே இன் பாளையங்கோட்டை பை சண்டே' தவறு. 'ரீச் ஜங்ஷன் டில் செவன்' என்பதும் தவறுதான்.

எதிர்மறை வந்தால் இந்தக் கணக்கு மாறும். கம் ஒரு கண வினை. ஆனால் வராமல் இருப்பது நீளுமே! 'ஷி டிட்ன்ட் கம் டில் சிக்ஸ்' என்றால் ஆறு மணிக்குத்தான் வந்தாள். 'ஷி ஹேட்ன்ட் கம் பை சிக்ஸ்' என்றால் ஆறாகியும் வரவில்லை. பிறகு வந்தாளா என்பதற்கு அதில் பதில் இல்லை. அலுவலகக் கடிதங்களில் இந்த வித்தியாசம் வம்பில் மாட்டிவிடும்.

'டில்' பெரும்பாலும் காலத்தோடு சரி. 'பை' அப்படியில்லை: 'பை பஸ்' என்றால் பஸ்ஸில், 'பை தி பஸ்' என்றால் பெரும்பாலும் பஸ்ஸுக்குப் பக்கத்தில். 'பை தி தாமிரபரணி' ஆற்றங்கரையில்.