காணிக்கை என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள்: எருசலேம் பயணத்துக்குக் கட்டிய 2,84,000 ரூபாய்

எருசலேம் புனிதப் பயணத்துக்கென்று நானும் என் தாயாரும் கட்டிய 2,84,000 ரூபாயை, "அது கர்த்தருக்குக் கொடுத்த காணிக்கை, திருப்பித் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை" என்று போன திங்கட்கிழமை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் தடுத்திருப்பதால் பெயர் எழுதவில்லை. தென் மாவட்டங்களில் மண்டபம் பிடித்து ஜெபக் கூட்டம் நடத்தி, யூடியூபில் தினமும் செய்தி கொடுத்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஹோலிலேண்ட் டூர் அழைத்துச் செல்வதாக விளம்பரமும் செய்யும் ஓர் 'ஊழியம்' என்று மட்டும் சொல்கிறேன். பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். அம்மாவுக்கு வயது 71. மிஷன் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். இப்போதும் ஞாயிறு பள்ளிக்குக் கதை சொல்லப் போகிறவர்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கிறது. உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடியை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைப் பானையில் இடுவார்கள். பாட்டி காலத்திலிருந்து நடக்கும் பழக்கம் அது. இந்திய மிஷனெரி சங்கம் 1903-ஆம் ஆண்டு எங்கள் ஊரில் தொடங்கப்பட்டபோது, இந்தியரின் பணத்தில் இந்தியரே நடத்த வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை; தெலுங்கு நாட்டு டோர்னக்கல் பக்கம் போன ஊழியருக்கு அந்தப் பணம் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து போனது என்று அம்மா பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெட்டிக்கு இதுவரை யாரும் ரசீது எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அதே நம்பிக்கையோடு வேறோரிடத்துக்கும் போய்விட்டோம் என்பதுதான் எங்கள் குற்றம்.

கடந்த செப்டம்பரில் அந்த ஊழியத்தின் உபவாசக் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். மண்டபத்தின் பின்வாசலில் நீளமான மேசை போட்டிருந்தார்கள்: வாக்குத்தத்தக் காலண்டர், ஜெப சால்வை, எக்காளம் என்று சொல்லி விற்ற ஆட்டுக்கொம்பு, அபிஷேக எண்ணெய்ச் சீசா, யோர்தான் நதித் தண்ணீர் ஒரு சீசா 350 ரூபாய். சில்லறை கொடுக்க ஒரு பெண்ணும், கியூஆர் அட்டையை நீட்ட ஒரு பையனும் நின்றார்கள். நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறவன். ஊரார் ரசீதில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால்கூட ஆட்சேபம் எழுதுவதே என் தொழில். அந்த மேசையைப் பார்த்ததுமே நான் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே வந்திருக்க வேண்டும், வரவில்லை. மேசைக்குப் பின்னால் கலிலேயாக் கடலின் பெரிய படமொன்று தொங்கியது. அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார்கள்.

அக்டோபர் இரண்டாம் வாரம் அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் குளிரூட்டிய அறை. பொறுப்பாளர் என்னைவிட வயதில் சிறியவர். என்னைப் பிரதர் என்றார், அம்மாவை அம்மா என்றே அழைத்தார். பத்து நாள் பயணம். ஜோர்டானின் அம்மான் நகரில் இறங்கி நேபோ மலை பார்த்து, ஆலன்பி பாலம் வழியாக எரிகோ, பெத்லகேம், எருசலேம், நாசரேத்து, கானா, இறுதியில் கலிலேயாவில் படகு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்குமுன் பிப்ரவரியில் திரும்பிவிடலாம். ஆளுக்கு 1,42,000 ரூபாய். அம்மா தமிழாசிரியை என்று தெரிந்ததும், ஒலிவ மலையில் கர்த்தருடைய ஜெபம் பல மொழிகளில் பதிக்கப்பட்ட ஆலயத்தைப் பற்றிச் சொல்லி, "அங்கே தமிழ்ப் பலகையும் இருக்கிறது அம்மா, அதன் முன்னால் நீங்கள் ஜெபத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், நான் வீடியோ எடுக்கிறேன்" என்றார். அந்தப் பலகை இருப்பது உண்மை. அதனால்தான் மற்றவையும் உண்மையென்று நம்பினோம்.

பிறகு அவர், "உங்களுக்கு அங்கே என்ன ஆசை?" என்று கேட்டார். "கடலோரத்தில் ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றார்கள் அம்மா. அதை அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார், அடிக்கோடும் போட்டார். முன்பணமாக ஒரு லட்சம் ரூபாய் கொண்டுபோயிருந்தோம்; தன் அடக்கச் செலவுக்கென்று அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்ததை அம்மா எடுத்தது அது. உறையை மேசைமேல் வைத்தேன். "முதலில் ஜெபிப்போம்" என்று அவர் எழுந்து வந்து அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, மறைந்த என் தகப்பனாரின் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொல்லி, ஐந்து நிமிடம் உருக்கமாக ஜெபித்தார். அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது உறை மேசைமேல் இல்லை. இழுப்பறைக்குள் போயிருந்தது. அறையில் இருந்த உதவியாளர் பெண் அப்போதுதான் இழுப்பறையைச் சாத்தினார். அதையும் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. பணத்தை எண்ணாமல் வாங்குகிறார்களே, எவ்வளவு நம்பிக்கையான மனிதர்கள் என்றுதான் நினைத்தேன்.

ரசீதில் 'பயணக் கட்டணம்' என்ற சொல் எங்கும் இல்லை. டிரஸ்டின் பெயர், தொகை, 'ஊழியக் காணிக்கை' என்ற குறிப்பு, அவ்வளவுதான். கேட்டேன். "இப்படிப் போட்டால் உங்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிவிலக்கு கிடைக்கும் பிரதர்" என்று சலுகை காட்டுவது போலச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த இடத்தை மறைத்து எழுதினால் நானும் அவர்களைப் போன்றவனாகிவிடுவேன்: அந்த வரிவிலக்குக்கு ஆசைப்பட்டேன். தணிக்கைக்காரனுக்கு அந்தக் குறிப்பின் பொருள் தெரியாமல் இல்லை. மீதி 1,84,000 ரூபாயை நவம்பரில் அதே டிரஸ்டின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன், பாஸ்போர்ட்டுகளையும் கொடுத்தேன். தமிழக அரசு எருசலேம் பயணத்துக்குத் தரும் 37,000 ரூபாய் மானியத்தைத் தாங்களே வாங்கிக் கட்டணத்தில் கழித்துத் தருவதாகவும் சொன்னார்கள். பயணம் முடித்து வந்தவரின் வங்கிக் கணக்குக்கே அந்த மானியம் நேராகப் போகும் என்பதைப் பின்னால்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி வந்தது. குழுவுக்கு ஆள் சேரவில்லை, மார்ச்சில் என்றார்கள். மார்ச்சில், அங்கே நிலைமை சரியில்லை என்றார்கள். அதே வாரம் நாகர்கோவிலிலிருந்து வேறு ஏற்பாட்டில் போன ஒரு குழு படங்களோடு ஊர் திரும்பியிருந்தது. விமான முன்பதிவு எண் கேட்டதற்கு ஒன்று அனுப்பினார்கள்; விமான நிறுவனத்தில் கேட்டபோது, பணம் செலுத்தப்படாததால் எப்போதோ ரத்தான எண் என்று தெரிந்தது. அதன் பிறகு பொறுப்பாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. ஒரு நாள் ஊழியத்தில் இருக்கிறார். மறுநாள் உபவாசத்தில் இருக்கிறார், யாரிடமும் பேசமாட்டார். அடுத்த வாரம் ஆவிக்குரிய போராட்டத்தில் இருக்கிறார், எங்களையே அவருக்காக ஜெபிக்கச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர்களுடைய வாட்ஸ்அப்பிலிருந்து காலை 5 மணிக்கு வாக்குத்தத்த வசனம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. "எங்கள் 2,84,000 ரூபாய் என்ன ஆயிற்று?" என்று அதன் கீழேயே நான் கேட்ட கேள்விகளுக்கு இரண்டு நீலக் குறிகள் மட்டும் விழுந்தன.

நேரில் போனேன். உதவியாளர் பெண் தண்ணீர் கொடுத்தார், ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார், பிறகு வேறொரு 'பிரதர்' வந்து விசுவாசிகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குக்குப் போகலாமா என்று கொரிந்தியர் நிருபத்தை எடுத்தார். பணம் வாங்கும்போது பயணம், திருப்பிக் கேட்கும்போது காணிக்கை. ஏமாற்றும்போது வியாபாரி, கேள்வி கேட்டால் சகோதரன். இது எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, எனக்குக் கசப்பின் ஆவி பிடித்திருப்பதாகச் சொன்னார்.

எல்லாவற்றிலும் என்னால் பொறுக்க முடியாதது போன திங்கட்கிழமை நடந்தது. பொறுப்பாளர் என்னை விட்டுவிட்டு அம்மாவின் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். காணிக்கையைத் திருப்பிக் கேட்கக்கூடாது, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவுக்கும் சப்பீராளுக்கும் என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரியாதா, இந்த வயதில் இப்படிச் சாபத்தைத் தேடிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். நான் அடுத்த அறையில் இருந்தேன். அம்மா சத்தத்தை உயர்த்தவே இல்லை. ஞாயிறு பள்ளியில் பேசுகிற அதே குரலில், "தம்பி, அனனியா பொய் சொன்னதற்காகச் செத்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்காகச் சாகவில்லை. விற்ற பிறகும் அது உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்டதை நீங்கள் வாசிக்கவில்லையா? அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரம், நாலாம் வசனம்" என்றார்கள். எதிர்முனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் எனக்கு அந்த ஒரு வரிச் செய்தி வந்தது.

மறுநாள் கூரியரில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு பாஸ்போர்ட்டுகள், அடுத்த ஆண்டுக்கான காலண்டர், ஒரு யோர்தான் தண்ணீர்ச் சீசா. பாஸ்போர்ட்டுகளில் ஒரு பக்கத்திலும் எந்த முத்திரையும் இல்லை. சீசாவில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். 350-இல் கடைசிச் சுழி மட்டும் மீதியிருந்தது. 2,84,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது அந்தச் சீசாதான். அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "குஷ்டம் நீங்க நாகமான் இதே யோர்தானில் ஏழு தரம் முழுகினான். எலிசா தீர்க்கதரிசி ஒரு காசு வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கினவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சீசாவைச் சாட்சிப் பொருளாக நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் சபைப் போதகரான சேகரகுருவிடம் சொன்னேன். வருத்தப்பட்டார், ஆனால் இதைப் பெரிதாக்கினால் புறமதத்தார் நடுவில் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்றும் சொன்னார். தூஷணத்துக்கு வழி செய்தது யார், ஐயா? அவரைக் குறை சொல்லவும் எனக்கு முழு யோக்கியதை இல்லை. எங்கள் ஆலயத் தோத்திரப் பண்டிகையின் காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பெரிய மனிதர்கள் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றியபோது நானும் கைதட்டினவன்தான். ஆனாலும் அந்த எலுமிச்சம்பழத்துக்கு ஆலயக் கணக்கில் வரவு இருக்கிறது, ஆண்டுக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கலாம். இங்கே கேட்டால் சாபம். காவல் நிலையத்தில் புகாரை வாங்கிப் படித்துவிட்டு, ரசீதில் காணிக்கை என்று இருப்பதால் இது சிவில் விவகாரம் என்றார்கள். வழக்கறிஞரும் அந்தச் சொல்லைத்தான் விரலால் தட்டிக் காட்டினார். ஊர் ஊராக விலையோடு அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டம் அழிக்காமல் இருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதாட இடம் இருக்கிறது என்கிறார்.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை. தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். ரசீதில் பயணக் கட்டணம் என்று எழுதித் தராதவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், வரிவிலக்கு ஆசை காட்டினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 2020 அக்டோபர் முதல் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடித்தாக வேண்டும். உங்கள் பான் எண்ணைக் கேட்காமலும் ஜிஎஸ்டி ரசீது தராமலும் பணம் வாங்குகிறவர் டூர் நடத்துகிறவரே அல்லர். மானியத்துக்கு நீங்களே சிறுபான்மையினர் நலத்துறைக்கு விண்ணப்பியுங்கள், இடையில் யாரும் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம், ஜெபித்துக்கொண்டே தள்ளிப் போடாதீர்கள். உறை மேசைமேல் இருக்கும்போது கண்ணை மூடாதீர்கள்.

நேற்று வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டோம். 2,84,000 ரூபாயும் வட்டியும், பதினைந்து நாள் கெடு. இன்று காலை 5 மணிக்கும் வசனம் வந்தது.