பிரிட்டன் பிரதமரின் முதல் கேள்வி நேரம்: எதில் பார்க்கலாம், எதைப் படிக்கலாம்?

புதிய பிரதமர் ஒருவர் முதன்முறையாக எழுந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அந்த அரை மணி நேரத்தை, பெரும்பாலானோர் ஒரு நிமிடத் துணுக்காகத்தான் பார்க்கிறார்கள். அது பெரிய நஷ்டம். வெட்டாமல் ஒட்டாமல் முழு அமர்வையும் காட்டும் சேவையை பிரிட்டன் நாடாளுமன்றமே இலவசமாக நடத்துகிறது. அன்றே அது எழுத்திலும் வந்துவிடுகிறது. நேரில் போய் உட்கார்ந்து பார்க்கவும் வழி உண்டு. எது எதற்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்பதை 2024 ஜூலை 24 அன்று நடந்த கியர் ஸ்டார்மரின் முதல் அமர்வை வைத்துப் பார்க்கலாம். அவருக்கு முன்னால் வந்தவர்களின் முதல் அமர்வுகளும் இடையிடையே வரும்.

நேரக் கணக்கை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். அவை நடக்கும் வாரங்களில் புதன்கிழமை பகல் 12 மணிக்குப் பிரதமர் கேள்வி நேரம். டோனி பிளேர் 1997இல் பதவிக்கு வரும் வரை செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாள், தலா 15 நிமிடம் நடந்தது. அதை அவர் ஒரே அரை மணி நேரமாக்கினார். அந்த வடிவத்தில் முதல் அமர்வு 1997 மே 21 அன்று நடந்தது. லண்டன் 12 மணி என்பது கோடையில் சென்னைக்கும் கொழும்புக்கும் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் என்பதை மறந்தால் அமர்வையே கோட்டை விடுவீர்கள்.

நேரலைக்கு நாடாளுமன்றத்தின் சொந்தத் தளமான பார்லிமென்ட்லைவ் டிவியே முதல் தேர்வு. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை, படத்தின் மேல் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். இந்த அமர்வுக்கு மட்டும் சைகை மொழிபெயர்ப்புடன் ஒரு தனி ஒளிபரப்பும் வருகிறது. பழைய அமர்வைத் தேடும்போதுதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். புதன்கிழமை அவை 11.30க்கே கூடிவிடும். பிரார்த்தனை முடிந்ததும் வேறொரு துறை அமைச்சர்களிடம் கேள்விகள் தொடங்கும். ஆகவே பதிவைத் திறந்ததும் வேறு யாரோ பேசுவதைப் பார்த்து, தவறான நாளைத் திறந்துவிட்டோம் என்று மூடிவிடுகிறார்கள். பதிவின் காலக்கோட்டை நண்பகல் 12க்கு நகர்த்தினால் பிரதமர் வந்துவிடுவார். தேவையான பகுதியைத் தொடக்க நேரமும் முடியும் நேரமும் கொடுத்து வெட்டி எடுக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்ததை விளம்பரத்துக்கோ கேலி நிகழ்ச்சிக்கோ பயன்படுத்தக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. யூடியூபில் ஷார்ட்ஸ் போடுபவர்கள் இதைக் கண்டிப்பாகப் படித்துவிட வேண்டும்.

அந்தத் தளத்தின் பெரிய குறை, அதன் களஞ்சியம் 2007 டிசம்பருக்கு முன்னால் போகாதது. ஆகவே டேவிட் கேமரூன், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக், ஸ்டார்மர் ஆகியோரின் முதல் அமர்வுகள் கிடைக்கும். 2007 ஜூலை 4 அன்று நடந்த கோர்டன் பிரவுனின் முதல் அமர்வு கிடைக்காது. அது நிச்சயம் பார்க்க வேண்டிய ஒன்று. அதற்கு அமெரிக்காவின் சி-ஸ்பான் களஞ்சியத்தில்தான் தேட வேண்டும்; அந்த அலைவரிசை இந்த அமர்வுகளைப் பல ஆண்டுகளாக ஒளிபரப்பிவருகிறது.

கேமராவுக்கும் கட்டுப்பாடு உண்டு. பேசுபவர் மீதே அது பெரும்பாலும் நிற்கும். பிரதமர் முன்னால் இருக்கும் கனத்த கோப்பும் அதில் ஒட்டிய பக்க அடையாளச் சீட்டுகளும் ஓரத்தில் மட்டும் தெரியும். அதைக் கவனிக்கப் பழகுங்கள். சபாநாயகர் ஓர் எம்.பி.யின் பெயரைச் சொன்னதும் பிரதமர் கோப்பைப் புரட்டினால், அந்தக் கேள்வி வரும் என்று அலுவலகம் முன்கூட்டியே ஊகித்திருக்கிறது. புரட்டாமல் எழுந்து பேசினால் ஒன்று அது மனப்பாடமான பதில், இல்லையென்றால் எதிர்பாராத கேள்வி. முதல் அமர்வில் புதியவரின் கை எத்தனை முறை கோப்புக்குப் போகிறது என்பது அவருடைய தயாரிப்பைப் பற்றி நிறையச் சொல்லும்.

கேள்வி எதுவென்று பிரதமருக்கு முன்கூட்டியே தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. குலுக்கலில் தேர்வாகும் 15 எம்.பி.க்களின் பெயர்கள் அன்றைய அலுவல் பட்டியலில் அச்சாகும். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் எழுத்தில் கொடுப்பது ஒரே கேள்விதான்: பிரதமரின் இன்றைய அலுவல்கள் என்ன? முதலாமவருக்கு மட்டும், காலையில் அமைச்சர்களைச் சந்தித்தேன், மேலும் சந்திப்புகள் உள்ளன என்று பிரதமர் வழக்கமான பதிலைச் சொல்வார். அதன்பின் ஒவ்வொருவரும் கேட்பது துணைக் கேள்வி. அது எதைப் பற்றியும் இருக்கலாம். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி, மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. 2024 தேர்தலில் லிபரல் டெமாக்ரட்டுகள் 72 இடம் பிடித்ததால் அந்த இரண்டும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியிடமிருந்து எட் டேவியிடம் வந்தன. ஸ்டார்மரின் முதல் அமர்வுக்கும் சுனக்கின் முதல் அமர்வுக்கும் இடையே கண்ணில் படும் முதல் மாற்றம் இதுதான். அலுவல் பட்டியல் நாடாளுமன்றத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நேரலைக்கு முன் அதைத் திறந்து வைத்துக்கொண்டால், எழுபவர் குலுக்கலில் வந்தவரா, சபாநாயகரின் கண்ணில் பட்டு அழைக்கப்பட்டவரா என்பது உடனே தெரிந்துவிடும்.

இனி 2024 ஜூலை 24 அமர்வு. ஜூலை 4 தேர்தல் முடிந்து ஸ்டார்மர் பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவையில் 335 பேர் புது எம்.பி.க்கள், ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் வென்ற ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண் உமா குமரனும் அவர்களில் ஒருவர். முந்தைய நாள் மாலை, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற வரம்பை நீக்கக் கோரும் திருத்தம் 363க்கு 103 என்று தோற்றிருந்தது. கொறடா உத்தரவை மீறி அதை ஆதரித்த தொழிற்கட்சி எம்.பி.க்கள் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அன்று மிகச் சூடான விஷயம் அதுதான். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் ரிஷி சுனக் தன் கேள்விகளை உக்ரைன், பாதுகாப்பு பக்கம் கொண்டுபோனார். தேர்தலில் தோற்ற மூன்றாவது வாரத்தில் அவர் சண்டைக்கு இறங்கவில்லை. ஒலிம்பிக் வீரர்களை வாழ்த்தும்போது, வெற்றி பெறுவது எப்படி என்று அவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க விரும்ப மாட்டார்கள் என்ற பொருளில் சொல்லித் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். அவை சிரித்தது.

இப்படியோர் அமர்வைப் பார்த்துவிட்டு "ஸ்டார்மர் சமாளித்துவிட்டார்" என்று மதிப்பெண் போடுவது அவசரம். எதிராளி குத்துவிடவே இல்லையே. முதல் அமர்வுகளில் வாழ்த்துகளும், சொந்தக் கட்சிப் பின்வரிசையிலிருந்து வரும் இதமான கேள்விகளும் கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்ப்பதே சரி. கோடை விடுமுறை வந்ததால் அடுத்த அமர்வு செப்டம்பர் 4 அன்றுதான் நடந்தது. முதலாவதோடு அதையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

எழுத்து வடிவத்துக்கு, அவைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட். இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். பேசி ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் உரை தளத்தில் ஏறத் தொடங்கிவிடும். தேதியைத் தேர்ந்தெடுத்து, மக்களவைப் பிரிவில் வாய்மொழிப் பதில்கள் பகுதிக்குள் பிரதமர் என்ற தலைப்பைத் திறக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். உக்ரைன் என்று தலைப்பில் தேடினால் எதுவும் வராது. எல்லாருமே அலுவல்கள் பற்றி எழுதிக் கொடுத்ததால், அமர்வின் பெரும்பகுதி "அலுவல்கள்" என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் இருக்கும். அதைத் திறந்து பக்கத்துக்குள் சொல்லைத் தேடுங்கள். களஞ்சியம் இருநூறு ஆண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போகிறது என்பதால் பழைய பிரதமர்களோடு ஒப்பிட இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஆனால் ஹன்சார்ட் திருத்திய பதிவு. திரும்பத் திரும்பச் சொன்னதும் வாய்தவறியதும் சீராக்கப்பட்டிருக்கும். கூச்சல் "குறுக்கீடு" என்ற ஒற்றைச் சொல்லாகிவிடும். தெரசா மேயின் முதல் அமர்வு, 2016 ஜூலை 20, இதற்கு நல்ல உதாரணம். வேலைப் பாதுகாப்பு பற்றி அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் கேட்டார். ஊழியர் பேச்சைக் கேட்காத, சிலருக்கு இரட்டை வேலை கொடுக்கும், தன் முன்னேற்றத்துக்காக விதிகளை வளைக்கும் முதலாளி ஒருவரை வர்ணித்துவிட்டு, அது யாரையாவது நினைவூட்டுகிறதா என்று மே திருப்பிக் கேட்டார். கார்பினின் சொந்த எம்.பி.க்கள் 172 பேர் அவருக்கு எதிராக வாக்களித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவருடைய அணியில் ஆள் பற்றாமல் ஒரே ஆள் இரண்டு பொறுப்பைச் சுமந்த காலம் அது. எழுத்தில் மேயின் அந்தக் கேள்வி சில ஆங்கிலச் சொற்கள்தான். காணொளியில்தான் மே முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு கணம் நிறுத்துவது தெரியும். இது போன்ற இடங்களுக்குக் காணொளி வேண்டும்.

பிரவுன் விஷயத்தில் நேர்மாறு. ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இஸ்லாமியவாத அமைப்பைத் தடை செய்வதாக அரசு சொல்லி இரண்டு ஆண்டாகியும் ஏன் செய்யவில்லை என்று, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூன் பிடித்தார். பதவிக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது என்று பிரவுன் சொன்னதும் அவை அமளியானது. அந்தக் காட்சிதான் எல்லா இடத்திலும் ஓடியது. ஹன்சார்டைப் படித்தால்தான் தடைக்குச் சட்டப்படி ஆதாரம் தேவை என்று அவர் சொன்ன வாதம் தெரியும். ஒரு வாரம் முன்பு வரை உள்துறை அமைச்சராக இருந்த ஜான் ரீட் பின்வரிசையிலிருந்து எழுந்து அதற்கு முட்டுக்கொடுத்ததும் தெரியும். கேமரூனின் அடி வலுவானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிரவுனிடம் பதிலே இல்லை என்பது துணுக்கு உண்டாக்கிய எண்ணம்.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: நுழைவுச் சீட்டு இலவசம், ஆனால் பிரிட்டனில் வசிப்பவர்கள் தங்கள் தொகுதி எம்.பி. அலுவலகம் வழியாகத்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கிராம்வெல் கிரீன் வாசலில் வரிசையில் நிற்கலாம். ஆனால் சீட்டு வைத்திருப்பவர்கள் போன பிறகு இடம் மிஞ்சினால்தான் உள்ளே விடுவார்கள். பிரதமர் கேள்வி நேரத்துக்கு அப்படி இடம் மிஞ்சும் என்று நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். விமான நிலையம் போன்ற சோதனை உண்டு, கைபேசி உள்ளே கூடாது. பார்வையாளர் மாடத்துக்கும் அவைக்கும் நடுவே 2004 முதல் கண்ணாடித் தடுப்பு இருப்பதால் பேச்சு ஒலிபெருக்கி வழியாகத்தான் காதில் விழும். 650 எம்.பி.க்களுக்கு 427 இருக்கைதான் என்பதால் படிகளிலும் வாசலிலும் உறுப்பினர்கள் நெருக்கியடித்து நிற்பதைக் கண்ணால் காணலாம், அது நேரலையில் முழுதாகக் கிடைக்காது. அதற்காக ஒருமுறை போகலாம். பதில்களை ஆராய அது இடமில்லை.

செய்தி அலைவரிசைகளின் துணுக்குகளுக்கு ஐந்தில் ஒன்றுதான் கொடுக்க முடியும். 2022 செப்டம்பர் 7 அன்று லிஸ் ட்ரஸ்ஸின் முதல் அமர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எரிசக்தி நிறுவனங்களின் திடீர் லாபத்துக்கு வரி போடுவதை எதிர்க்கிறீர்களா என்று, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டார்மர் கேட்டார். ஆமாம், எதிர்க்கிறேன் என்று ட்ரஸ் நேரடியாகச் சொன்னார். நேரடியான பதில் என்பதால் பாராட்டு வந்தது. ஆனால் முழு அமர்வையும் பார்த்தால் கேள்விகளின் மையம் வேறு: எரிசக்திக் கட்டண உதவித் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு அன்று பதில் வரவில்லை. அவர் பிரதமராகப் பதில் சொன்ன கேள்வி நேரங்கள் மொத்தமே மூன்று.

கடைசியாக, அமர்வுக்குப் பிறகு தொடர்ந்து கவனிக்க ஒரு கருவி: தே வொர்க் ஃபார் யூ என்ற இலவசத் தளம். உங்கள் எம்.பி. பெயரையோ இலங்கை, தமிழர் போன்ற சொல்லையோ பதிந்து வைத்தால், அவையில் அது வந்ததும் மின்னஞ்சல் வரும். முதல் அமர்வில் புதிய பிரதமர் "சம்பந்தப்பட்ட அமைச்சரைச் சந்திக்க ஏற்பாடு செய்கிறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் ஹன்சார்டில் குறித்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நடந்ததா என்பதை அந்தப் பதிவு தானாகச் சொல்லாது. கேட்ட எம்.பி. பிறகு எழுத்துக் கேள்வி போடுகிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் போடவில்லை என்றால், அந்தத் தொகுதியில் இருப்பவர்கள் அவருக்கே கடிதம் எழுதிக் கேட்கலாம்.