குடும்பப்பெயரா, ஊர்ப்பெயரா? கார்பாத்திய ருசின் வேர்களைத் தேடும்போது எதை நம்புவது

ருசின்கள் கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைகளைச் சேர்ந்த ஸ்லாவ் மக்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளுக்கும் பென்சில்வேனியா சுரங்கங்களுக்கும் பிழைக்க வந்த ருசின் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கையில் பெரும்பாலும் இரண்டே துப்புகள் இருக்கும். ஒன்று குடும்பப்பெயர். இன்னொன்று, பாட்டி வாயில் கேட்ட ஓர் ஊர்ப்பெயர். நாட்டின் பெயரால் பயன் இல்லை. இன்றைய ஸ்லோவாக்கியா, போலந்து, உக்ரைன் எல்லைகள் கூடும் மலைப்பகுதி அவர்களுடையது. ஆவணங்களிலோ, அன்று அந்தப் பகுதியை ஆண்ட 'ஹங்கேரி', 'ஆஸ்திரியா' என்றுதான் இருக்கும்.

முதலில் எல்லாரும் பிடிப்பது குடும்பப்பெயரைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. ருஸ்னாக் என்றால் ருசின் என்றே பொருள். ஃபெதோர்கோ, ஹ்ரிட்ஸ்கோ போன்றவற்றுக்குள் கிழக்குத் திருச்சபைச் சடங்கில் வைக்கும் ஞானஸ்நானப் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. ஆக, இனத்தையும் சமயத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஊரை? கொவாச் என்றால் கொல்லர்; கொல்லர் இல்லாத ஊர் ஏது? ஸ்லோவாக்கியரிலும் ஹங்கேரியரிலும் அந்தப் பெயர் கொட்டிக் கிடக்கிறது. ஊரைக் குறிப்பது போன்ற பெயரும் ஏமாற்றும். ஓவியர் ஆண்டி வார்ஹோலின் தாய் யூலியா சவாத்ஸ்கா. சவாத்கா என்ற ஊர் காதில் விழுகிறது அல்லவா? அந்தப் பெயரில் ஸ்லோவாக்கியாவிலேயே பல ஊர்கள் உண்டு. யூலியா பிறந்ததோ மிகோவா என்ற வேறு ஊரில்.

குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். அவர்கள் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்கள். பெயர் மாறியது அதற்கு அப்புறம், வேலையிடத்திலும் பள்ளியிலும் குடியுரிமைத் தாள்களிலும்.

சரி, ஊர்ப்பெயர் மட்டும் யோக்கியமா? அதுவும் உருமாறும். ஹங்கேரி 1898-ல் ஊர்ப்பெயர்ச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஸ்லாவ் ஊர்ப்பெயர்கள் பலவற்றுக்கு ஹங்கேரிய வடிவம் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் கொடி நட்ட அமெரிக்க வீரர்களில் ஒருவரான மைக்கேல் ஸ்ட்ராங்க் 1919-ல் பிறந்த ஊரைப் பாருங்கள். ஸ்லோவாக்கிய மொழியில் யராபினா, ருசின் மொழியில் ஒர்யாபினா, ஹங்கேரியர் முதலில் எழுதியது யரெம்பினா, பிறகு வைத்தது பெர்கென்யேத். கடைசிப் பெயர் வேறு ஊர் போலத் தோன்றும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மரம்தான் நிற்கிறது: சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ரோவன். ஊர்ப்பெயர் மாறும்போது இப்படித் தடம் விட்டுப் போகும். எனக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது இதனால்தான்.

கைக்குக் கிடைத்த எழுத்தை அதை எழுதியவரின் மொழியில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஹங்கேரிய எழுத்தில் ஸகரமாக ஒலிக்கும் sz என்ற கூட்டெழுத்து போலிஷில் ஷகரமாகிவிடும். ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும் விஷ்னி என்றால் மேல், நிஷ்னி என்றால் கீழ். ஹங்கேரியத்தில் ஃபெல்ஷோ, அல்ஷோ. இந்த முன்னொட்டைத் தவறவிட்டால் பக்கத்து ஊர்க்காரரின் தாத்தாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஊர் உறுதியானதும் குடும்பப்பெயருக்கு உயிர் வருகிறது. கிழக்குச் சடங்கைப் பின்பற்றும் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் வீட்டு எண்ணும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். ஒரே பெயரில் நாலைந்து குடும்பங்கள் உள்ள சிற்றூரில் அந்த வீட்டு எண்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். 1869 ஹங்கேரியக் கணக்கெடுப்பில் வீடு வீடாகத் தாள்கள். யார் எந்த ஊரில் பிறந்தார் என்பதும் அதில் உண்டு. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1895 அக்டோபரில் தொடங்குகிறது. ஸ்லோவாக்கியப் பகுதிக்குரிய தாள்களும் பதிவேடுகளும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆய்வுத் தளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன.

ஊரே இல்லாமல் போனாலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஸ்லோவாக்கியாவில் ஸ்டாரினா அணைக்காக 1980-களில் ருஸ்கே, ஸ்வாலா உட்பட ஏழு ஊர்களைக் காலிசெய்தார்கள். பழைய பதிவேடுகள் இன்னும் அந்த ஊர்களின் பெயரில்தான் இருக்கின்றன.

குடும்பப்பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. கப்பல் பட்டியலில் கடைசியாக வசித்த ஊரைப் பாருங்கள். பிந்தைய பட்டியல்களில் பிறந்த ஊரும் இருக்கும். அமெரிக்க ருசின் கல்லறைகளுக்குப் போனால் ருசின் மொழியை எழுதும் சிரிலிக் எழுத்துள்ள கற்களை விடாதீர்கள். சிலவற்றில் இறந்தவர் பெயருக்குக் கீழேயே ஊர் பொறித்திருக்கும்.