விளம்பரமா, மேப்பா, கீழே வரும் லிங்க்கா: கூகுள் முதல் பக்கத்தில் எந்த இடத்துக்குக் காசு போடலாம்?

"உங்க சைட்டை கூகுள்ல நம்பர் ஒன் ஆக்கித் தர்றோம்" என்று போன் வராத கடைக்காரர் இன்று குறைவு. எந்தத் தேடலுக்கு நம்பர் ஒன், அந்தப் பக்கத்தில் அதற்கு மேலே என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்டால்தான் பேச்சு இழுக்கும். ஏனென்றால் முதல் பக்கம் என்று ஒரே பக்கம் கிடையாது. தேடும் வார்த்தை மாறினால் பக்கத்தின் அமைப்பே மாறிவிடுகிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவை பீளமேட்டில் வெட் கிரைண்டர் விற்று, சர்வீஸும் பார்க்கும் சின்னக் கடை. அதற்கு வாடிக்கையாளராக வரக்கூடியவர் மூன்று விதமாகத் தேடுவார்: "கிரைண்டர் சர்வீஸ் பீளமேடு", "2 லிட்டர் கிரைண்டர் விலை", "கிரைண்டர் டிரம் சுற்றவில்லை". மூன்றையும் உங்கள் போனில் தட்டிப் பாருங்கள், மூன்று வேறு பக்கங்கள் வரும்.

முதல் தேடலில் போட்டி மேப்புக்கும் (வரைபடத்தோடு கடைகளைப் பட்டியலிடும் பெட்டி) விளம்பரத்துக்கும்தான். மேப்பில் முன்பு ஏழு கடைகள் காட்டிக்கொண்டிருந்த கூகுள் 2015-இல் அதை மூன்றாகக் குறைத்துவிட்டது, மீதியைப் பார்க்க இன்னொரு தட்டு தட்ட வேண்டும், அவசரத்தில் இருப்பவர் எங்கே தட்டப்போகிறார். அந்த மூன்றில் யார் வருவது என்பதற்கு கூகுளே சொல்லும் காரணங்களும் மூன்று: தேடலுக்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. பொருத்தத்துக்கு, கடையின் கூகுள் புரொஃபைலில் (மேப்பில் தெரியும் கடை விவரப் பக்கம்) சரியான தொழில் வகையைத் தேர்ந்தெடுத்து, நேரம், போன் நம்பர், படங்களை ஒழுங்காக வைத்தால் போதும். அறியப்படுவதற்கு உதவும் ரிவியூ மெதுவாகத்தான் சேரும், வேலை முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டும் (பரிசு கொடுத்து வாங்குவது விதிமீறல், கடைப் பெயரோடு "பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ் கோவை" என்று வால் ஒட்டுவதும் அப்படித்தான், புரொஃபைலையே கூகுள் முடக்கிவிட வாய்ப்புண்டு). இதற்கெல்லாம் செலவு உங்கள் நேரம் மட்டுமே.

ஆனால் தூரத்தை யாரும் மாற்ற முடியாது. துடியலூரில் இருந்து தேடுபவருக்குப் பீளமேட்டுக் கடை மேப்பில் மேலே வருவது கஷ்டம். விளம்பரம் மேப்பை ஜெயிப்பது இங்கேதான்: இன்று காசு கட்டினால் இன்றே துடியலூரில் தெரியலாம். 2016-இல் கணினியில் வலது பக்க விளம்பரங்களை எடுத்த பிறகு பக்கத்தின் உச்சியில் நான்கு விளம்பரம் வரை வருகிறது, போனில் அதுவே கிட்டத்தட்ட முழுத் திரை. ஒரு க்ளிக்குக்கு அதிகத் தொகை ஏலம் கேட்டவருக்கே முதலிடம் என்பதும் இல்லை, விளம்பரத்தின் தரமும் அது கூட்டிப்போகும் பக்கமும் கணக்கில் வரும்.

சரி, கணக்கு போடுவோம். ஒரு க்ளிக் 20 ரூபாய், பத்துப் பேர் தட்டினால் ஒருவர் போன் செய்கிறார், மூன்று போனில் ஒன்றுதான் வேலையாகிறது என்று சும்மா வைத்துக்கொண்டால், ஒரு வேலையைப் பிடிக்க 600 ரூபாய். பெல்ட் மாற்றுவதற்கு இது கட்டுமா? கட்டாது. புதுக் கிரைண்டர் விற்றால் கட்டலாம். உங்கள் ஊர் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்காமல் விளம்பரத்தில் இறங்காதீர்கள். இறங்கினாலும் இரண்டு ஓட்டைகளை முதலில் அடையுங்கள். ஒன்று, இருப்பிட அமைப்பு: கோவை என்று தேர்ந்தெடுத்தாலும் அது இயல்பாக "அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்றுதான் இருக்கும், டெல்லியில் உட்கார்ந்து தேடுபவரின் க்ளிக்குக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள். இரண்டு, கீவேர்டை (எந்தத் தேடல் வார்த்தைக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுப்பது) தளர்வாக விட்டால் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடுபவரும், காபிக்கொட்டை அரைக்க மெஷின் தேடுபவரும் வந்து தட்டிவிட்டுப் போவார்கள். வேண்டாத வார்த்தைகளின் பட்டியலைப் போட்டுத் தடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது தேடலைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. விலை தேடினால் படமும் விலையுமாக ஒரு வரிசை, அப்புறம் அமேசான், ஃபிளிப்கார்ட், பெரிய பிராண்டுகள். பொருள்களை இலவசமாகவும் கூகுளில் பட்டியலிடலாம் என்பது உண்மைதான், ஆனால் எல்லோரும் விற்கும் அதே மாடலை நீங்களும் விற்றால் விலையில் அடிபடுவீர்கள். சொந்தத் தயாரிப்பு என்றால் இறங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

மூன்றாவது தேடலில்தான் எஸ்இஓ ஆட்களின் (தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை செய்பவர்கள்) வாக்குறுதிகள் கொட்டிக் கிடக்கின்றன. "டிரம் சுற்றவில்லை" என்று கட்டுரை எழுதினால் மேலே வரலாமா? வரலாம். முன்பு அப்படி வந்தால் ஆட்களும் வந்தார்கள். 2014 வாக்கில் பதிலைப் பெட்டிக்குள் எடுத்துக் காட்டும் பழக்கம் தொடங்கியது, 2024 ஆகஸ்டில், ஏஐ பதிலை எழுதித் தரும் சுருக்கம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், கெப்பாசிட்டர் போயிருக்கலாம் என்று அதுவே சொல்லிவிட்டால் உங்கள் பக்கத்தைத் திறக்க என்ன அவசியம்? இன்னொரு விஷயம், அந்தச் சுருக்கத்துக்குள் எங்கோ மூலையில் உங்கள் லிங்க் இருந்தாலும் சர்ச் கன்சோலில் (உங்கள் சைட் தேடலில் எங்கே வருகிறது என்று கூகுள் காட்டும் ரிப்போர்ட்) அந்தப் பெட்டியின் இடமே உங்கள் இடமாகப் பதிவாகும். பெட்டி உச்சியில் இருந்தால் நீங்களும் நம்பர் ஒன்! ரிப்போர்ட்டில் முதலிடம், கடையில் ஈ ஓட்டுகிறீர்கள்.

இந்தத் தேடலுக்குக் கட்டுரையைவிட வீடியோவை நம்புவேன். மெக்கானிக் அடிமூடியைக் கழற்றி, தேய்ந்த பெல்ட்டைக் காட்டும் தமிழ் வீடியோவைச் சுருக்கம் முழுசாக விழுங்க முடியாது, கையால் செய்வதைப் பார்த்தால்தான் புரியும். பார்ப்பவர் மதுரையில் இருந்தால் சர்வீஸுக்கு வரமாட்டார், ஆனால் பெல்ட்டைக் கூரியரில் கேட்பார். அதை அனுப்ப ஏற்பாடு இருந்தால் மட்டும் இந்த உழைப்புக்கு அர்த்தம்.

மேப், விளம்பரம், லிங்க் மூன்றையும் ஒப்பிடும்போது சிக்கல் என்னவென்றால், கணக்கு மூன்று இடத்தில் கிடக்கிறது. மேப்பில் இருந்து வந்த போன்கள் கடையின் கூகுள் புரொஃபைலில், விளம்பரக் க்ளிக்குகள் விளம்பரக் கணக்கில், மற்றவை சர்ச் கன்சோலில். ஒன்றை மட்டும் காட்டி யாராவது பேசினால் மற்ற இரண்டையும் கேளுங்கள். வருபவரிடம் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க" என்று கேட்டு நோட்டில் எழுதுவது இன்னும் நல்லது.

இந்தக் கடை என்னுடையதாக இருந்தால் முதலில் மேப்பைத்தான் சீராக்குவேன். மேப் எட்டாத ஏரியாக்களுக்கு மட்டும், கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும், புதுக் கிரைண்டர் விற்பனைக்கு மட்டும் விளம்பரம். வீடியோ எடுப்பது வேலை குறைவான நாள்களில். கட்டுரைக்கு மாதாமாதம் காசு கேட்பவருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.