வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு இதய எக்கோவும் மரபணுச் சோதனையும்: வன்னியிலிருந்து கொழும்புக்குப் போய்ச் செய்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்கோவுக்கு, அதாவது பிள்ளையின் இதயத்தை மட்டும் பார்க்கிற ஸ்கானுக்கு, கட்டிய காசு ஒரு சதமும் வீணில்லை, அந்த டொக்டர் பார்த்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதே கட்டடத்தில் மரபணுச் சோதனையை ஆட்களுக்கு விற்கிற விதத்துக்கு ஐந்துக்கு இரண்டு கொடுப்பதே கூட. கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிலையம், பெயர் போடவில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியாப் பக்கத்திலிருந்து இந்தச் சோதனைகளுக்கு அனுப்பப்படுகிற குடும்பங்கள் காசு கட்ட முதல் எதைக் கேட்கவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

போனது என் தங்கச்சிக்காக. முள்ளியவளையில் இருக்கிறாள், இது இரண்டாவது பிள்ளை. 21ஆம் கிழமை ஸ்கானை எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில்தான் எடுத்தோம், அதுவும் இலவசமாக. குறையைக் கண்டுபிடித்தது கொழும்பு இல்லை, அந்த ஸ்கான்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "இங்கே என்ன தெரியப்போகுது, நேரே கொழும்புக்குப் போங்கோ" என்று சொல்கிற ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய. ஸ்கான் செய்த டொக்டர் இதயத்தின் நாலு அறையையும் பார்த்துவிட்டு அதோடு நிறுத்தவில்லை, கருவியை இன்னும் கொஞ்சம் மேலே, பிள்ளையின் நெஞ்சின் மேற்பகுதிக்கு நகர்த்திப் பார்த்தார். அந்த இடத்தில் நுரையீரல் நாடி, உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற பெருநாடி, மேற்பெருநாளம் என்று மூன்று குழாய்களும் பக்கத்தில் மூச்சுக்குழாயும் தெரியும். வழமையான பிள்ளைக்கு முதல் இரண்டு குழாய்களும் மூச்சுக்குழாயின் இடது பக்கத்தில் அம்புமுனை மாதிரி ஒன்றுசேரும். தங்கச்சியின் பிள்ளைக்கு அவை மூச்சுக்குழாயை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் "ப" எழுத்துப் போல நின்றன. நாலு அறையை மட்டும் பார்த்து "ஹார்ட் நோர்மல்" என்று எழுதியிருந்தால் இது தப்பிப் போயிருக்கும். பெரிய குழாய்களில் வருகிற குறைகள் பலதில் நாலு அறையும் வடிவாகவே இருக்கும். அதனால் ஸ்கானுக்குப் போகிறவர்கள் "இதயத்திலிருந்து வெளியே வாற குழாய்களையும் பார்த்தீங்களா டொக்டர்?" என்று கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் மிட்வைப் அக்கா அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டா. கொழும்பில் எக்கோ செய்யச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டைத் தள்ளிப்போட வேண்டாம், கிழமை கூடக் கூடச் செய்யக்கூடிய சோதனைகள் குறைந்துகொண்டு போகும் என்று தங்கச்சியின் மாமியாரிடமும் இருந்து கதைத்துவிட்டுப் போனா. அவ அப்படி வந்திருக்காவிட்டால் நாங்கள் நாள் பார்த்து, நேத்தி வைத்து, ஒரு மாதத்தை விட்டிருப்போம்.

சரி, எக்கோ. சனலிங் பண்ணி நம்பர் எடுத்துப் போனோம். பட்டினி கிடக்கத் தேவையில்லை, சலம் அடக்கவும் தேவையில்லை, வயிற்றுக்கு மேலால் செய்கிற சாதாரண ஸ்கான் மாதிரித்தான். வித்தியாசம், இதைச் செய்தவர் குழந்தைகளின் இதய நிபுணர், அவர் இதயத்தை மட்டுமே அரை மணித்தியாலத்துக்கு மேல் பார்த்தார். இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைச் சிவப்பும் நீலமுமாகத் திரையில் காட்டினார். தொடங்க முதல் நிறையக் கேள்வி கேட்டார்: கர்ப்பத்துக்கு முதலே சலரோகம் இருந்ததா, வலிப்புக்குக் குளிசை குடிக்கிறாளா, கர்ப்பத்தின் தொடக்கத்தில் காய்ச்சலோடு தோலில் சிவப்புத் தடிப்புப் போட்டதா, சொந்தத்துக்குள் செய்த கலியாணமா, குடும்பத்தில் யாருக்கும் பிறவியிலேயே இதயக் குறை இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் ஏன் கேட்கிறார் என்றும் சொன்னார்.

முடிவு: இதயம் நன்றாக இருக்கிறது. பெருநாடி இடப்பக்கம் வளையாமல் வலப்பக்கம் வளைந்திருக்கிறது, இடது கைக்குப் போகிற நாடியும் வழமையான இடத்தில் பிரியவில்லை, நாடிகளை இணைக்கிற சின்னக் குழாய் இடது பக்கம் இருப்பதால் மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி ஒரு வளையம் மாதிரி வந்துவிட்டது. வலப்பக்கப் பெருநாடி ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்குமாம், அது இருப்பதே தெரியாமல் வயதாகிப் போகிறவர்களும் உண்டாம். சில பிள்ளைகளுக்கு மட்டும் மூச்சு விடும்போது இரைச்சல், விழுங்கக் கஷ்டம் வரும், அவர்களில் சிலருக்கு அந்த வளையத்தை வெட்டிவிடும் சத்திரசிகிச்சை தேவைப்படும். இவ்வளவையும் ஒரு வெள்ளைத் தாளில் கீறி, அம்புக்குறி போட்டுத் தந்தார். அந்தத் தாளைத்தான் பிறகு ஊரில் எல்லாருக்கும் காட்டினோம்.

எக்கோவில் தெரியாதவற்றையும் அவர் மறைக்கவில்லை. சின்ன ஓட்டைகள் தவறலாம், பெருநாடி ஒடுங்கியிருப்பதை வயிற்றுக்குள் உறுதியாகச் சொல்வது கஷ்டம், பிறந்த பிறகு மூடவேண்டிய சில வழிகள் வயிற்றிலிருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் திறந்தேதான் இருக்கும் என்பதால் அவை மூடுமா என்று இப்போது சொல்ல ஏலாது. எனக்கு இந்த நேர்மை பிடித்தது. தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வந்தது, ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, விளங்கிவிட்டதா என்று நின்று நின்று கேட்டார்.

பிரச்சினை கீழ்மாடிக் கவுண்டரில் தொடங்கியது. டொக்டர் மரபணுச் சோதனை பற்றி யோசிக்கச் சொல்லித் துண்டு எழுதியிருந்தார். கவுண்டரில் இருந்த பிள்ளை அந்தத் துண்டை வடிவாகப் பார்க்காமலே ஒரு விலைப்பட்டியலை நீட்டி, அம்மாவின் இரத்தம் மட்டும் போதும், ஊசி இல்லை, ஆபத்து இல்லை, எல்லாம் பார்க்கும் என்று என்.ஐ.பி.ரி பக்கேஜ் ஒன்றை எடுக்கச் சொன்னது. பயந்துபோய் நிற்கிற தாய்க்கு இதைவிட இனிப்பான கதை வேறென்ன? தங்கச்சி கைப்பையைத் திறந்துவிட்டாள். நான்தான் பிடித்து நிறுத்தி, டொக்டரிடம் திரும்பப் போய்க் கேட்போம் என்றேன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மட்டில் எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியிலிருந்து போகிற எல்லாருக்கும் இது தேவை. என்.ஐ.பி.ரி நல்ல சோதனைதான், 10ஆம் கிழமையிலிருந்தே செய்யலாம், 21ஆம் நிறமூர்த்தம் (குரோமோசோம்) கூடுவதால் வரும் டவுன் நோய்க்கூட்டு மாதிரியானவற்றைச் சலித்துப் பார்க்க உதவும். ஆனால் அது பார்ப்பது தாயின் இரத்தத்தில் மிதக்கிற, நச்சுக்கொடியிலிருந்து வந்த டி.என்.ஏ. துண்டுகளை. இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லும், முடிந்த முடிவு இல்லை. இதயம் எப்படி இருக்கிறது என்று அது சொல்லவே சொல்லாது. தங்கச்சியின் பிள்ளைக்குத் தேட வேண்டியிருந்தது 22ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் போயிருக்கிறதா என்பதை. 22கியூ11.2 என்று எழுதுவார்கள், டிஜோர்ஜ் என்றும் சொல்வார்கள். பெருநாடியிலும் அதற்குக் கிட்டின குழாய்களிலும் குறை இருக்கிற பிள்ளைகளில் இது அடிக்கடி இருக்கும். பெருநாடி நடுவில் அறுபட்டதுபோல இருக்கிற ஒரு வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும், இரண்டு பெரிய நாடியும் ஒரே குழாயாக வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு. எங்கள் பிள்ளையின் வகையில் அவ்வளவு இல்லை, ஆனாலும் தேடிப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறது.

இல்லாமல் போகிற துண்டு பெரும்பாலும் 30 இலட்சம் எழுத்து நீளமாம். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் நிறமூர்த்தங்களைப் படம் பிடித்து எண்ணுகிற பழைய சோதனையில் இது தெரியாது. பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, மைக்ரோஅரே என்ற சோதனையோ அந்தத் துண்டை மட்டும் தேடுகிற பிஷ் சோதனையோ செய்தால்தான் உறுதி. சில என்.ஐ.பி.ரி பக்கேஜில் 22ஐயும் சேர்த்து விற்கிறார்கள், அதில் ஏதும் காட்டினாலும் திரும்ப ஊசிக்குத்தான் வரவேண்டும், ஒன்றும் காட்டாவிட்டாலும் முழுதாக நம்பேலாது. இரண்டு தரம் காசு கட்டுகிற கதை. இந்த விளக்கத்தைக் கவுண்டரில் வைத்துத் தந்திருக்க வேண்டும். நாங்கள் திரும்பி மேலே ஏறியதால்தான் கிடைத்தது, என் கோபம் அதுதான்.

ஊசி என்றதும் எல்லாரும் பயப்படுவார்கள். 15 கிழமை தாண்டியபிறகுதான் எடுப்பார்கள், ஸ்கானைப் பார்த்துப் பார்த்தே குத்துவார்கள். கரு கலைகிற ஆபத்து 200க்கு ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னார்கள். தாயின் இரத்தம் நெகட்டிவ் என்றால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு ஒரு ஊசி போடவேண்டும். தங்கச்சிக்கு இரத்தம் எடுக்கிற அளவு நோவுதான் இருந்ததாம். ஊசி போட்ட டொக்டரிலும் நேர்ஸிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கையெழுத்து வைக்கத் தந்த படிவம் முழுக்க ஆங்கிலம். இலங்கையில் தமிழ் அரச கரும மொழி, கொழும்பில் இவ்வளவு காசு வாங்குகிற இடத்தில் ஒரு தமிழ்ப் படிவம் வைக்க ஏலாதா? தன் வயிற்றுக்குள் ஊசி போகச் சம்மதிக்கிற பெண், எதற்குச் சம்மதிக்கிறாள் என்று தானே வாசிக்க வேண்டும்.

அதைவிட மோசம் ரிப்போர்ட் வந்த விதம். கிழமைக் கணக்கில் காத்திருந்து, கடைசியில் போனுக்கு ஒரு பைல் மட்டும் வந்தது. ஒருவர் எடுத்து இரண்டு வசனம் கதைக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், நடுவில் எண்களும் எழுத்துகளும். நானும் படித்தவள்தான், எனக்கே அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. தங்கச்சி அந்த இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் இருத்திவைத்துத் தமிழில் சொன்னார்: நிறமூர்த்தத்தில் துண்டு ஒன்றும் குறையவில்லை, கூடவும் இல்லை. ஆனால் மைக்ரோஅரே பெரிய துண்டுகளைத்தான் பார்க்கும், ஒற்றை எழுத்து மாற்றங்களைப் பார்க்காது, அதனால் "மரபணுவில் ஒரு குறையும் இல்லை" என்று யாரும் எழுதித்தர ஏலாது. ஐந்து நிமிடக் கதை. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நாங்கள் கொழும்பில் காசு கட்டியிருந்தோம்.

இன்னொன்றும் அவர் சொன்னார், அது வீட்டுக்குள் பெரிய நிம்மதி. துண்டு குறைந்த பிள்ளைகளிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அது தாய் தகப்பனிடமிருந்து வருவதில்லை, புதிதாக ஏற்படுவது. மிச்சப் பேருக்குத்தான் தாயிடமோ தகப்பனிடமோ இருந்து வரும், அப்படி ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஒரு குறை என்றால் முதல் கேள்வியே எந்தப் பக்கத்து வழி என்பதுதான். கிரகணத்தன்று வெளியே போனாளா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2009இல் சின்னப் பிள்ளையாகச் செல்லடிக்குள் இருந்தவள், அந்தப் புகைதான் உடம்பில் நின்று இப்படிச் செய்ததோ என்று தங்கச்சி தானாகவே கேட்டுவிட்டு அழுதாள். அதைக் காரணமாகச் சொல்ல ஆதாரம் இல்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படுவதில்லை, நீங்கள் செய்ததால் வந்தது என்று நினைக்கவே வேண்டாம் என்றார். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது என்பது என் முடிந்த கருத்து.

"இலங்கையில்தான் கலைக்க ஏலாதே, பிறகு ஏன் பார்க்கிறீங்கள்?" என்று எங்களைச் சிலர் கேட்டார்கள். சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி, உண்மை. ஆனால் எங்களுக்கு இந்த ரிப்போர்ட் தேவைப்பட்டது பிள்ளையை எங்கே பெறுவது, பிறந்தவுடன் எதைப் பார்ப்பது என்று முடிவெடுக்க. 22இல் துண்டு குறைந்த பிள்ளைக்குக் கல்சியம் இறங்கி வலிப்பு வரலாம், அண்ணத்தில் குறை இருந்து பால் குடிக்கச் சிரமப்படலாம், நோய் எதிர்ப்புச் சக்தி குறைவென்றால் சில தடுப்பூசிகளுக்கு முதல் யோசிக்க வேண்டும். முதல் நாளே தெரிந்திருந்தால் முதல் நாளே பார்க்கலாம்.

எக்கோவின் பெறுமதியும் அங்கேதான். முள்ளியவளையிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். உதாரணத்துக்கு, பெரிய நாடிகள் இரண்டும் இடம்மாறி இருக்கிற பிள்ளை பிறக்கும்போது அழலாம், பால் குடிக்கலாம், பார்க்க நல்லாயிருக்கலாம். நாடிகளை இணைக்கிற, வயிற்றுக்குள் திறந்திருந்த அந்தச் சின்னக் குழாய் பிறந்த சில நாட்களுக்குள் மூடும்போது கடுமையாக நீலமாகும். அதைத் திறந்து வைத்திருக்க மருந்து இருக்கிறது, பிறகு சத்திரசிகிச்சையும் இருக்கிறது, பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் அரசாங்கச் செலவிலேயே செய்கிறார்கள். ஆனால் நீலமான பிள்ளையை அம்புலன்ஸில் ஏ9 வீதியால் கொண்டுபோவதும், தாயை 37ஆம் கிழமையிலேயே கொழும்பில் இருத்துவதும் ஒன்றா? எங்கள் பிள்ளைக்கு அப்படி அவசரம் வராது, ஊரிலேயே பெறலாம், பிறந்தபிறகு மூச்சையும் ஒட்சிசன் அளவையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று அந்த இதய நிபுணர் தெளிவாக எழுதித் தந்தார். கொழும்பில் வாடகைக்கு அறை தேடுகிற செலவு அந்த ஒரு வரியால் மிஞ்சியது.

பிள்ளை பிறந்து இப்போது தவழ்கிறான். பால் குடிக்கும்போது கொஞ்சம் இரைச்சல் வந்தது. இப்படி இருக்கும் என்று முதலே தெரிந்ததால் சளி என்று சிரப் கொடுத்துக்கொண்டிருக்காமல் நேரே காட்டினோம். சி.ரி. ஸ்கானில் வளையம் அப்படியே இருக்கிறது. வெட்டவேண்டுமா என்று கிளினிக்கில் பார்த்துக்கொண்டு வருகிறார்கள், இப்போதைக்கு நிறை ஒழுங்காகக் கூடுகிறது.

போகிறவர்களுக்கு: எக்கோவுக்கு நல்ல நேரம் 18 முதல் 22 கிழமை. முதல் பிள்ளைக்கு இதயக் குறை இருந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு மூன்று, அதனால் கிளினிக்கில் முதல் நாளே சொல்லித் துண்டு கேளுங்கள். கர்ப்பத்துக்கு முதலே சலரோகம் உள்ளவர்களும் வலிப்புக் குளிசை குடிக்கிறவர்களும் அப்படியே, ஆனால் பயத்தில் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விலை நான் எழுதவில்லை, மாறிக்கொண்டே இருக்கிறது, போன் எடுத்துக் கேளுங்கள். கேட்கும்போது ரிப்போர்ட் வந்தால் யார், எந்த மொழியில் விளங்கப்படுத்துவார் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் ஊசிக்கு நாள் எடுக்க முதல் உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரி மகப்பேற்று டொக்டரிடம் போய், ரிப்போர்ட்டை நீங்கள் வாசித்துச் சொல்வீர்களா என்று பேசி வைத்துவிட்டுப் போங்கள். கிளினிக் கொப்பியும் பழைய ஸ்கான் படங்களும் கையில் இருக்கட்டும், இரவு பஸ்ஸில் தாய்க்கு முன் சீற் எடுங்கள்.